டேட்டாபேஸ் பதிப்பை மாற்றியபின் பழைய கணக்கைக் காணவில்லையா? படிப்படியாகத் தேடும் முறை

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, வாழைச்சேனைப் பக்கங்களிலும் பாமசி, ஹார்ட்வெயார், அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம் எனப் பல இடங்களில் பில் போடும் கணினிக்குப் பின்னால் மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்களில் ஒன்று ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். பதிப்பை மாற்றிவிட்டுத் திறந்தால் வாடிக்கையாளர் பட்டியல் வெறுமையாக இருக்கும். அல்லது பாதிப் பெயர்கள் கேள்விக்குறிகளாக இருக்கும். இந்த வழிகாட்டி அந்த ஒற்றை ஆளுக்காக எழுதப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிப்பு மாற்றம் தானாகத் தரவை அழிப்பது அரிது. தரவு வேறொரு ஃபோல்டரில் கிடக்கும், அல்லது இருந்தும் கண்ணில் படாது. உண்மையான இழப்பு அதற்குப் பிறகு, பதற்றத்தில் செய்யும் வேலைகளால்தான் வருகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கட்டளைகளை ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. எழுதுவதை நிறுத்துங்கள்

பில் போடும் மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் மூடுங்கள். கடையைப் பூட்டத் தேவையில்லை. கைப் பில் புத்தகத்தில் எழுதுங்கள். வெறுமையான டேட்டாபேஸில் ஒரு பில் போட்டாலும் இலக்கம் 1இல் இருந்து ஓடத் தொடங்கும். பிறகு பழைய தரவு கிடைத்து இரண்டையும் சேர்க்கும்போது ஒரே இலக்கத்தில் இரண்டு பில்கள் மோதும். பழையதைக் கண்டுபிடிப்பதைவிட அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை.

இந்த நேரத்தில் செய்யவே கூடாதவை: பழைய பதிப்பை அன்இன்ஸ்டால் செய்வது, இடம் போதவில்லை என்று எதையாவது அழிப்பது, டொக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓடவிடும் கருவி) பாவித்தால் 'டொக்கர் வொலியூம் புரூன்' அல்லது 'கொம்போஸ் டவுன்' கட்டளையை வி என்ற தெரிவுடன் கொடுப்பது. உபுண்டு லினக்ஸில் பழைய போஸ்ட்கிரெஸ் பொதியை 'பேர்ஜ்' (முழு நீக்கம்) செய்தால் தரவு ஃபோல்டர்களையும் நீக்கவா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொன்னால் திரும்பி வர வழியில்லை.

2. தரவு ஃபோல்டரை முழுதாகக் கொப்பி எடுங்கள்

சேர்வரை நிறுத்திவிட்டுத்தான் கொப்பி எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஒரு கோப்பு ஒரு நொடியிலும் அடுத்தது வேறு நொடியிலும் பதிவாகும். அந்தக் கொப்பியைத் திறக்க முடியாமல் போகலாம்.

எங்கே தேடுவது? விண்டோஸில் மைஎஸ்கியூஎல் என்றால் சி டிரைவில் புரோகிராம்டேட்டா, அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் மைஎஸ்கியூஎல் சேர்வர் 5.7, அதற்குள் டேட்டா. புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர். எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவைப் போட்டால்தான் தெரியும். எக்ஸாம்ப் (மரியாடிபியும் சேர்ந்தே வரும் பொதி) என்றால் சி டிரைவில் எக்ஸாம்ப், மைஎஸ்கியூஎல், டேட்டா. விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் பதிப்பு எண் போட்ட ஃபோல்டரில் இருக்கும். உபுண்டுவில் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல், /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல். பதிப்பு எண் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் எடுங்கள், வெறுமையாகத் தெரிவதையும் சேர்த்து.

கொப்பி வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போக வேண்டும். பழைய யூஎஸ்பி 2 துளையில் நொடிக்கு சுமார் 30 எம்பி போகும் என்று வைத்தால் 10 ஜிபிக்கு ஐந்தாறு நிமிடம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் கூடும். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்; கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

3. ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், மாற்றிய திகதியும் நேரமும், மென்பொருளின் செட்டிங்கில் உள்ள சேர்வர் முகவரி, போர்ட், டேட்டாபேஸ் பெயர். எரர் லொக்கின் கடைசி 50 வரிகளை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். கையில் உள்ள பேக்கப் கோப்புகளின் திகதியையும் அளவையும் எழுதுங்கள். நேற்று வரை 800 எம்பி இருந்த பேக்கப் திடீரென்று 3 எம்பி ஆகியிருந்தால் அதுவே ஒரு பதில்.

இன்னொன்று மிக முக்கியம்: மாற்றுவதற்கு முன் அச்சடித்த கடைசிப் பில்லின் இலக்கம். கடையில் இருக்கும் கார்பன் பிரதியோ வாடிக்கையாளர் வைத்திருக்கும் பில்லோ போதும். கிடைத்த தரவு முழுமையானதா என்று ஈற்றில் சரிபார்க்க இதைவிட நம்பகமான சான்று வேறில்லை.

பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்து வாசியுங்கள். பதிப்பு மாற்றம் அதில் அடங்குமா, பேக்கப் யார் பொறுப்பு என்ற இரண்டு வரியும் செலவைத் தீர்மானிக்கும்.

4. எந்தச் சேர்வருடன் பேசுகிறீர்கள் என்று பாருங்கள்

தொலைந்ததாக நினைக்கும் தரவில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே கிடைத்துவிடும். அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் 'செலக்ட் @@வெர்ஷன், @@போர்ட், @@டேட்டாடிர்' என்று கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் நிர்வாகிப் பயனராக நுழைந்து 'ஷோ டேட்டா_டிரெக்டரி', 'ஷோ போர்ட்' என்று கேளுங்கள். வரும் விடையை மூன்றாம் படியில் எழுதிய தாளுடன் ஒப்பிடுங்கள்.

விண்டோஸில் மைஎஸ்கியூஎல் 5.7 இருக்கும்போது 8.0ஐ நிறுவினால் அது பழையதன் மேல் ஏறாமல் பக்கத்தில் தனக்கென ஒரு டேட்டா ஃபோல்டர் போட்டு உட்காரும். 3306 போர்ட் பழையதிடம் இருப்பதால் 3307ஐக் கொடுத்து நிறுவியிருப்பார்கள். மென்பொருளை 3307க்குத் திருப்பினால் வெறுமைதான் தெரியும். பழைய சேவை விண்டோஸ் சேர்விசஸ் பட்டியலில் நின்றுபோய்க் கிடக்கும். அதை ஓடவிட்டுப் பழைய போர்ட்டில் பாருங்கள்.

உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் என்றால் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' ஒன்றே போதும். உபுண்டு 22.04இல் வருவது பதிப்பு 14, 24.04இல் வருவது 16. இயங்குதளத்தை உயர்த்தியதும் 16 என்று ஒரு வெறுமையான கிளஸ்டர் (ஒரு பதிப்பின் முழுத் தரவுத் தொகுதி) பெரும்பாலும் 5433 போர்ட்டில் உருவாகும், 14 அப்படியே இருக்கும். சிலவேளை 14க்கு நேரே நிரல் கோப்புகள் இல்லை, நின்றுவிட்டது என்று காட்டும். பயப்படாதீர்கள், பழைய பொதியை 'ஓட்டோரிமூவ்' எடுத்துவிட்டது, தரவு ஃபோல்டர் கிடக்கிறது. 14இன் பொதியை மீண்டும் நிறுவினால் எழும்பும்.

இங்கே சரியான வழி: 16இல் உண்மையாகவே ஒன்றும் இல்லை என்று பார்த்து உறுதிசெய்து, அதை நிறுத்தி, 'பிஜி_டிராப்கிளஸ்டர் 16 மெயின்' என்று நீக்கி, பிறகு 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்' கொடுப்பது. வேலை முடிந்ததும் புதியது பழைய போர்ட்டை எடுத்துக்கொள்ளும், பழையது நின்ற நிலையில் பத்திரமாக இருக்கும். டிராப் கட்டளையில் 16க்குப் பதில் 14 என்று தட்டினால் ஆண்டுக் கணக்கான தரவு அந்த நொடியே போய்விடும். என்டர் அழுத்துமுன் இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'பிஜி_அப்கிரேட்'டை நேரடியாகப் பாவித்தால் 'லிங்க்' தெரிவில் கவனம் தேவை. அதில் பழையதும் புதியதும் ஒரே கோப்புகளைப் பகிர்கின்றன. புதியதை ஒருமுறை ஓடவிட்டபின் பழையதை ஓடவிடக் கூடாது, தரவு கெட்டுவிடும். இடம் இருந்தால் கொப்பி முறையே நல்லது, அதுதான் இயல்பான தெரிவும்.

டொக்கரில் வொலியூமின் (தரவு இருக்கும் இடத்தின்) பெயர் கொம்போஸ் கோப்பு உள்ள ஃபோல்டரின் பெயரில் இருந்து வருகிறது. 'கடை' என்ற ஃபோல்டரை 'கடை-புதியது' என்று மாற்றிவிட்டு ஏற்றினால் புதிய பெயரில் புதிய வெறும் வொலியூம் உருவாகும். 'டொக்கர் வொலியூம் எல்எஸ்' கொடுத்தால் இரண்டும் தெரியும். போஸ்ட்கிரெஸ் 18இல் இருந்து அதிகாரபூர்வ இமேஜில் வொலியூமை இணைக்கும் இடமும் மாறியிருக்கிறது: முன்பு /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/டேட்டா, இப்போது அதற்கு ஒரு படி மேலே.

எக்ஸாம்ப் பாவிப்பவர்கள் அதிகம் விழும் குழி வேறு. பழைய டேட்டா ஃபோல்டரில் இருந்து தங்கள் டேட்டாபேஸின் பெயருள்ள ஃபோல்டரை மட்டும் எடுத்துப் புதியதில் ஒட்டுவார்கள். பட்டியலில் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் வரும். திறந்தால் 'எஞ்சினில் இல்லை' என்று 1932ஆம் இலக்கப் பிழை. இன்னோடிபி (மைஎஸ்கியூஎல், மரியாடிபியின் வழக்கமான சேமிப்பு முறை) அட்டவணைகளின் உள் அகராதி வெளியே 'ஐபிடேட்டா1' என்ற கோப்பில் இருக்கிறது. அது இல்லாமல் ஃபோல்டர் மட்டும் பயன்படாது. பழைய டேட்டா ஃபோல்டர் முழுவதையும், அதே பழைய பதிப்பு எக்ஸாம்ப்பை வேறொரு கணினியில் நிறுவி அதில் வைத்து ஓடவிடுங்கள். அங்கிருந்து 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கட்டளையால் டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிய பிரதி) எடுத்துப் புதியதில் இறக்குங்கள்.

மைஎஸ்கியூஎல் 8.0இல் கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறை மாறியது. பழைய மென்பொருள்கள் சிலவற்றால் இணையவே முடியாது; பிழையைக் காட்டாமல் வெறும் பட்டியலைக் காட்டும். மென்பொருளின் எரர் லொக்கைப் பார்த்தால் தெரியலாம்.

5. பதிவுகளை எண்ணுங்கள், மதிப்பீட்டை நம்பாதீர்கள்

பிரௌசரில் டேட்டாபேஸைப் பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் காட்டும் வரிசைத் தொகை இன்னோடிபிக்கு வெறும் மதிப்பீடு. மைஎஸ்கியூஎல் 8.0 அந்த மதிப்பீட்டையும் 24 மணி நேரம் பழசாகவே வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் பதிப்பு 17 வரை, மாற்றத்தோடு புள்ளிவிவரம் கூட வருவதில்லை. அதனால் தரவு முழுதாக இருந்தும் சில கருவிகள் பூச்சியம் காட்டும், தேடலும் ஆமை வேகத்தில் போகும். 'வாக்கியூம்டிபி' கட்டளையை எல்லா டேட்டாபேஸுக்கும் 'அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ்' தெரிவுடன் கொடுங்கள்.

ஒவ்வொரு முக்கிய அட்டவணைக்கும் 'செலக்ட் கவுண்ட்' கொடுத்து எண்ணுங்கள். கூடவே மிகப் பெரிய பில் இலக்கத்தையும் கடைசித் திகதியையும் கேளுங்கள். தாளில் உள்ள கடைசிப் பில்லுடன் அது பொருந்தினால் பிரச்சினை தரவில் இல்லை. ஏழாம் படியில் இருந்து பாருங்கள்.

6. இறக்குமதி பாதியில் நின்றதா?

டம்ப் எடுத்துப் புதியதில் இறக்கியவர்களுக்கு இந்தப் படி. டம்ப் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் டம்ப் முடிந்தது என்ற குறிப்பும் திகதியும் இருக்கும். போஸ்ட்கிரெஸிலும் அதேபோல் ஒரு முடிவு வரி உண்டு. அது இல்லையென்றால் டம்ப்பே முழுமை இல்லை. பழைய சேர்வரில் இருந்து மீண்டும் எடுக்க வேண்டும்.

கோப்பு முழுமையாக இருந்தும் தரவு குறைந்தால் எந்த அட்டவணைகள் வந்தன என்று பாருங்கள். டம்ப்பில் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் போகும். ஏ முதல் எம் வரை தொடங்குபவை வந்து மற்றவை வரவில்லை என்றால் நடுவில் அறுந்திருக்கிறது. பிஎச்பிமைஅட்மினில் நேர எல்லையும் கோப்பு அளவு எல்லையும் அறுக்கும். கட்டளை வரியில் 'சேர்வர் போய்விட்டது' என்ற 2006ஆம் இலக்கப் பிழை வந்தால் 'மேக்ஸ்_அலவ்ட்_பாக்கெட்' அளவைக் கூட்டி மீண்டும் இறக்குங்கள். பெரிய கோப்பைப் பிரௌசர் வழியாக இறக்கவே வேண்டாம்.

போஸ்ட்கிரெஸில் வேறு மாதிரி. 'பிஎஸ்கியூஎல்' என்ற கட்டளைக் கருவி பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும். ஓர் அட்டவணையின் முழுத் தரவும் ஒரே 'கொப்பி' கட்டளையில் வருவதால், 40,000 வரிசையில் ஒன்று பிசகினாலும் அந்த அட்டவணை முழுவதும் வெறுமையாகிவிடும். மற்றவை எல்லாம் சரியாக இருக்கும். 'ஒன்_எரர்_ஸ்டொப்'பை 1 ஆக வைத்து, வெறும் டேட்டாபேஸ் ஒன்றில் மீண்டும் இறக்குங்கள். எந்த வரியில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

பழைய மைஎஸ்கியூஎல்லில் திகதி தெரியாத இடத்தில் 0000-00-00 என்று போட்டுப் பழகியிருப்பார்கள். 5.7இல் இருந்து கண்டிப்பு முறை அதை ஏற்பதில்லை. இறக்கும் நேரத்துக்கு மட்டும் 'எஸ்கியூஎல்_மோட்' தளர்த்தி, பிறகு அந்தத் திகதிகளை 'நல்' (வெறுமை) ஆக மாற்றுவதே நேரான வழி.

மைஎஸ்கியூஎல்டம்ப் சேமித்த நடைமுறைகளையும் கால நிகழ்வுகளையும் கேட்காமல் எடுக்காது. 'ரூட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' தெரிவுகளைப் போட வேண்டும். பிஜி_டம்ப் பயனர்களை எடுக்காது. அதற்கு 'பிஜி_டம்ப்ஆல்' 'குளோபல்ஸ்-ஒன்லி' தெரிவுடன்.

7. பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை

போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். முழுப் பட்டியலில் 'பி-101' என்ற சாமான் தெரியும். தேடல் கட்டத்தில் அதே குறியீட்டைப் போட்டால் இல்லை என்று வரும். காரணம் டேட்டாபேஸ் பதிப்பு அல்ல, அதோடு சேர்த்து மாற்றிய லினக்ஸ் பதிப்பு. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பில் எழுத்துகளின் வரிசை முறை மாறியது. பழைய வரிசைப்படி கட்டிய சுட்டியை (இண்டெக்ஸ், தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்)ப் புதிய வரிசைப்படி தேடினால் தவறான பக்கம் போய் நிற்கும். உபுண்டு 18.04இல் இருந்து 20.04க்கோ அதற்கு மேலோ போனவர்களுக்கும், தரவு ஃபோல்டரைப் பழைய கணினியில் இருந்து அப்படியே தூக்கி வைத்தவர்களுக்கும் இது வரும். டம்ப் எடுத்து இறக்கியவர்களுக்கு வராது, ஏனெனில் சுட்டிகள் புதிதாகக் கட்டப்படுகின்றன.

சோதிக்க எளிய வழி: 1-1, 11 என்ற இரண்டு வரிகளை 'சோர்ட்' கட்டளைக்கு ஆங்கில யூடிஎஃப்-8 மொழி அமைப்பில் கொடுங்கள். பழைய கணினியில் 11 முதலில் வரும். புதியதில் 1-1 முதலில் வரும். டேட்டாபேஸுக்குள் சோதிக்க 'எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன்', 'எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன்', 'எனேபிள்_பிட்மேப்ஸ்கேன்' மூன்றையும் அந்த அமர்வில் அணைத்துவிட்டு அதே தேடலைச் செய்யுங்கள். இப்போது பதிவு வந்தால் சுட்டிதான் கெட்டிருக்கிறது.

மருந்து 'ரீஇண்டெக்ஸ் டேட்டாபேஸ்'. அதுவரை யாராவது அதே குறியீட்டை இல்லை என்று நினைத்து மீண்டும் பதிந்திருந்தால் தனித்துவச் சுட்டி கட்டும்போது இரட்டைப் பதிவு என்று நின்றுவிடும். அந்த இரட்டைகளைக் கையால் பார்த்துத் தீர்த்தபின் மீண்டும் ஓட்டுங்கள். பதிப்பு 15 முதல் 'ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்' கட்டளையையும் கொடுத்தால் எச்சரிக்கை நிற்கும். அதை ரீஇண்டெக்ஸுக்கு முன் கொடுத்தால் எச்சரிக்கை மட்டும் போகும், நோய் போகாது.

8. தமிழ்ப் பெயர்கள் சிதைந்திருந்தால்

கேள்விக்குறியாகத் தெரிவதும், அர்த்தமில்லாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிவதும் வெவ்வேறு நிலைகள். திரையை நம்பாமல் 'ஹெக்ஸ்' (சேமிக்கப்பட்ட பைட்டுகளின் பதினாறடி எண்) கேளுங்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்; கி, கொ போன்ற எழுத்துக்கு அதைவிடக் கூடும். 'க' என்றால் ஈ0, ஏஈ, 95. விடை ஈ0 என்று தொடங்கினால் தரவு நன்றாக இருக்கிறது. இணைப்பின் எழுத்து அமைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் சரி. சி3, ஏ0, சி2 என்று போனால் இரட்டைக் குறியாக்கம்: லத்தீன்1க்கு மாற்றி, பைனரியாக எடுத்து, மீண்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆக வாசித்தால் பெயர் திரும்பும். முதலில் ஒரு பதிவில் 'செலக்ட்' ஆகச் செய்து பார்த்துவிட்டு, கொப்பி அட்டவணையில் 'அப்டேட்' செய்யுங்கள். 3எஃப் மட்டும் வரிசையாக வந்தால் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிரதியில் மீட்க ஒன்றும் இல்லை. பழைய தரவு ஃபோல்டருக்குத்தான் போக வேண்டும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி (>) போட்டு டம்ப் எடுத்தாலும் பெயர்கள் சிதையும். எழுத்து நடுவில் வேறு குறியாக்கத்துக்கு மாறிவிடுகிறது. 'ரிசல்ட்-ஃபைல்' தெரிவைக் கொடுத்து நேரடியாகக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

9. அறிக்கை மட்டும் வெறுமையாக வந்தால்

மைஎஸ்கியூஎல் 8.0இல் 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' முதலியன ஒதுக்கப்பட்ட சொற்கள். ரியூசன் வகுப்பு மென்பொருளில் புள்ளி நிலைக்கு 'ரேங்க்' என்று ஒரு நிரல் (கொலம்) இருந்தால் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி பிழையாகும், மென்பொருள் வெறும் தாளை அச்சடிக்கும். அட்டவணைப் பெயரின் பெரிய, சிறிய எழுத்தை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும், 8.0இல் அந்த அமைப்பை நிறுவும்போதே தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

நேர வலயமும் ஒளித்து வைக்கும். புதிய டொக்கர் கன்டெய்னர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. யூடிசி நாள் நமது காலை 5.30க்குத்தான் தொடங்குகிறது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடியலுக்கு முன் மீன் எடுப்பவரின் 4 மணிப் பில் முந்திய நாள் அறிக்கையில் போய் நிற்கும். பகலில் திறக்கும் கடைக்கு இது தெரியவே தெரியாது. நேர வலயத்தை ஆசியா/கொழும்பு ஆக்குங்கள்.

10. செலவும் நேரமும்

மைஎஸ்கியூஎல் கம்யூனிட்டி, மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றின் பழைய பதிப்புகளும் இலவசமாகவே பதிவிறக்கலாம். உண்மையான செலவு வெளி டிஸ்க்கும் ஆளின் கூலியும். கூலி பேசும்போது மணிக்கணக்கா மொத்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் மீட்பு என்று பெரிய தொகை கேட்டால், கோப்பு அழிந்ததா என்று முதலில் கேளுங்கள். நான்காம் படியில் ஃபோல்டர் கிடைத்தவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. உண்மையாகவே அழித்திருந்தால் கணினியை உடனே அணையுங்கள். எஸ்எஸ்டி என்றால் 'டிரிம்' (அழித்த இடத்தைத் தானே சுத்தமாக்கும்) வேலையால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்த பதிப்பு மாற்றத்தைப் போயா தினத்துக்கு வையுங்கள், காலையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இடைவெளி இதற்குப் போதாது. அரிசி ஆலையும் நெல் கொள்வனவும் செய்பவர்கள் பெரும்போக அறுவடை நடக்கும் தை முதல் பங்குனி வரை தொடவே வேண்டாம். டம்ப் எடுப்பதைவிட இறக்குவது பல மடங்கு நேரம் எடுக்கும், சுட்டிகளைக் கட்ட வேண்டியிருப்பதால். டிஸ்க்கில் டேட்டாபேஸைப் போல் இரண்டு மடங்கு காலி இடம் வைத்திருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7இல் இருப்பவர்கள் நேரே 8.4க்குத் தாவ முடியாது, நடுவில் 8.0 வேண்டும், ஏறியபின் அதே ஃபோல்டரோடு இறங்கவும் முடியாது.

எல்லாம் சரியான பிறகு கைப் பில்களை ஏற்றுங்கள். அதற்கு முன் தானாக ஓடும் இலக்கம் மிகப் பெரிய பில் இலக்கத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்துங்கள். பழைய தரவு ஃபோல்டரின் கொப்பியை ஒரு மாதக் கணக்கு முழுதாக முடிந்து, இருப்பும் கடன் பாக்கியும் கைக் கணக்குப் புத்தகத்துடன் ஒத்துப்போகும் வரை வைத்திருங்கள். ஆலைக்காரர்கள் ஒரு போகம் முடியும் வரை.